‘ஸ்ரீ லங்கா தாயே’யும் மலையகமும்: சட்டம், மேடை, பிரசாவுரிமை

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நெருங்கினால் போதும், தேசிய கீதம் இம்முறை தமிழிலும் பாடப்படுமா என்ற கேள்வி பத்திரிகைகளில் தலைகாட்டிவிடும். ஒரு பக்கம் ‘தடை’ என்பார்கள், இன்னொரு பக்கம் ‘அப்படி ஒரு தடையே இல்லை’ என்பார்கள். இரண்டுமே ஓரளவு உண்மை. சட்டத்தில் எழுதியிருப்பது ஒன்று, கொழும்பு விழா மேடையில் நடப்பது இன்னொன்று, பாடசாலையில் காலைக் கூட்டத்தில் பாடப்படுவது மூன்றாவது. இவை மூன்றையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இத்தனை குழப்பம்.

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மலையகத்தில் நான்காவதாக ஒன்றும் உண்டு. பாட்டில் ‘நம்’ என்று வருகிறதே, அதற்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பது. மொழியைப் பற்றிய விவாதங்கள் இதைத் தொடுவதே இல்லை. மலையக மக்களுக்கோ இது மொழியை விடவும் நீண்ட கதை.

பாட்டு வந்த வழி

‘நமோ நமோ மாதா’ என்று தொடங்கிய சிங்களப் பாடலை ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றினார். அவர் இரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் பயின்றவர். பாட்டில் தாகூரின் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. பாடல் எழுதப்பட்டபோது தேசிய கீதம் என்ற எண்ணமே இல்லை. கொழும்பு மியூசியஸ் கல்லூரி மாணவியர் மேடையேற்றிய பிறகுதான் அது பரவியது.

1948இல் நாடு சுதந்திரம் பெற்றபோது கீதம் தயாராக இருக்கவில்லை. லங்கா கந்தர்வ சபை ஒரு போட்டி வைத்தது. வேறொரு பாடல் பரிசு பெற்றது. பரிசு பெற்ற கவிஞரும் இசையமைப்பாளருமே நடுவர் குழுவிலும் இருந்தது தெரியவந்ததும் எதிர்ப்புக் கிளம்ப, அந்தப் பாட்டு எடுபடவில்லை. 1949 பெப்ரவரி 4 அன்று, முதலாவது சுதந்திர நினைவு விழாவில், சமரக்கோனின் பாடல் சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. 1951 நவம்பர் 22 அன்று அது முறைப்படி ஏற்கப்பட்டது. இன்று நாம் பாடும் தமிழ்ச் சொற்கள் பண்டிதர் மு. நல்லதம்பியுடையவை.

1950களின் இறுதியில் பாட்டின் மேல் ஒரு வினோதமான பழி விழுந்தது. ‘நமோ நமோ’ என்ற தொடக்கம் யாப்பிலக்கணப்படி அமங்கலமானது, பிரதமர் இருவர் பதவியில் இருக்கும்போதே இறந்ததற்கும் அதுவே காரணம் என்றார்கள். 1961 பெப்ரவரியில் அரசு அந்த அடியை ‘ஸ்ரீ லங்கா மாதா’ என்று மாற்றியது. சமரக்கோன் இதை ஏற்கவில்லை. 1962 ஏப்ரலில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கீதத்தில் ஒரு சொல்லும் மாறக்கூடாது என்று இன்று வாதிடுவோர், முதலடியே அரசின் விருப்பத்துக்கு மாற்றப்பட்ட ஒன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சட்டத்தில் இருப்பது

1. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை, இலங்கையின் தேசிய கீதம் ‘ஸ்ரீ லங்கா மாதா’ என்கிறது. அதன் சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளபடி இருக்க வேண்டும்.

2. அரசியலமைப்பு தமிழிலும் வெளியிடப்பட்ட ஆவணம். அந்தத் தமிழ்ப் பிரதியில் 7ஆம் உறுப்புரை ‘ஸ்ரீ லங்கா தாயே’ என்றும், மூன்றாம் அட்டவணை தமிழ்ச் சொற்களாகவும் இருக்கின்றன. ஆகவே தமிழ் வடிவம் யாரோ சலுகையாக விட்டுவைத்த மொழிபெயர்ப்பு அல்ல, அரசியலமைப்புக்குள்ளேயே அச்சான பாடம்.

3. 19ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் தேசிய மொழிகள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது.

4. எந்த விழாவில் எந்த மொழியில், எத்தனை முறை பாட வேண்டும் என்று அரசியலமைப்பு எதுவும் சொல்லவில்லை. எல்லாத் தகராறும் இந்த வெற்றிடத்தில்தான். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் அமைச்சரவையின் மனநிலையும் விழா ஏற்பாட்டுக் குழுவின் நிகழ்ச்சி நிரலும் தீர்ப்பெழுதுகின்றன.

2010 முதல் 2020 வரை

2010 டிசம்பரில், தமிழ் வடிவத்தைக் கைவிடுவது பற்றி அமைச்சரவையில் பேசப்பட்டதாகச் செய்தி வந்தது. அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் கொண்டுவரப்படவில்லை. ஆனாலும் வாய்மொழியாகச் சொன்னதே அதிகாரிகளுக்குப் போதுமாக இருந்தது. வடக்கில் அரச விழாக்களில் தமிழ் மாணவர்கள் பொருள் தெரியாமலே சிங்களத்தில் பாட வைக்கப்பட்டனர். அந்த ஆண்டுகளில் சட்டத்தைப் பார்த்து ‘தடை இல்லை’ என்றவரும் சரி, நடப்பைப் பார்த்து ‘தடை’ என்றவரும் சரி.

2015 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தமிழில் பாடத் தடையில்லை என்று தெளிவுபடுத்தினார். 2016 பெப்ரவரி 4 அன்று கொழும்பு சுதந்திர தின விழாவில், 1949க்குப் பிறகு முதல் தடவையாக, கீதம் தமிழிலும் ஒலித்தது. 2020 விழாவில் தமிழ் மீண்டும் விடுபட்டது. 2016க்கும் 2020க்கும் இடையில் அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை, ஆட்சிதான் மாறியது.

‘உலகில் எங்கும் இல்லை’ என்ற வாதம்

ஒரு நாட்டுக்கு ஒரு கீதம், அது ஒரு மொழியில்தான், வேறு மாதிரி உலகில் எங்கும் இல்லை என்பது 2010இல் அடிக்கடி கேட்ட வாதம். உண்மை அப்படி அல்ல. கனடாவின் கீதம் 1880இல் பிரெஞ்சில் பிறந்தது, அதன் ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்ப்பே அல்ல. சுவிட்சர்லாந்துக்கு நான்கு மொழிகளில் பாடம் உண்டு. தென்னாபிரிக்கா 1997இல் ஒரே பாட்டுக்குள் ஐந்து மொழிகளை வைத்தது.

ஒற்றை மொழி வாதத்துக்கு வலுவான சான்று சிங்கப்பூர். அங்கு தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, கீதத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் பாடுவது மலாயில் மட்டும், மொழிபெயர்ப்பு பொருள் அறிவதற்கே. இதனால் அங்குள்ள தமிழர் தாங்கள் ஒதுக்கப்பட்டதாகப் பெரிதாக முறையிடுவதில்லை. காரணம் எளிது. மலாய் அங்கு பெரும்பான்மையினரின் தாய்மொழி அல்ல. சீனருக்கும் தமிழருக்கும் அது ஒருசேரப் பிறமொழி. இலங்கையில் ஒற்றை மொழி என்றால் பெரும்பான்மையினரின் மொழி மட்டும் என்றுதான் பொருள். சிங்கப்பூரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பாட்டு தாயை அழைத்தது, சட்டம் தந்தையைக் கேட்டது

இனி மலையகத்துக்கு வருவோம். 1946 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்டோர் நாட்டு மக்களில் 11.7 சதவீதம். அன்று அவர்கள் ‘இலங்கைத் தமிழரை’ விடவும் சற்று அதிகம். 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையும், இன்னும் சிலரும் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

1. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க பிரசாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. தந்தை இங்கேயே பிறந்தவராக இருந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாததாலோ பெயர் வேறு எழுத்தில் பதியப்பட்டிருந்ததாலோ நிரூபிக்க முடியாமல் போனவர்கள் ஏராளம்.

2. இந்தச் சட்டம் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில்தான், 1949 பெப்ரவரி 4 விழாவில் கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதை இருமொழி நல்லிணக்கத்தின் பொற்காலமாகச் சொல்வது வழக்கம். தோட்டத்துத் தமிழருக்கு அந்தக் காலம் வேறு மாதிரியானது. மொழிக்கு மேடையில் இடம் கிடைத்தது, அதைப் பேசியவர்களில் பெரும் பகுதியினருக்கு நாட்டில் இடம் இல்லாமல் போயிற்று.

3. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பத்துக்கு ஒரு வழி வைத்தது. திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாமல் இங்கே வசித்ததாகக் காட்ட வேண்டும். போதிய வருமானமும் வேண்டும். இடையில் இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த ‘இடையறாமல்’ என்ற நிபந்தனையே முட்டுக்கட்டையானது. இரண்டு ஆண்டுக் காலக்கெடு 1951 ஆகஸ்டில் முடிந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

4. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டும் என்றாக்கியது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நமோ நமோ மாதா அதிகாரபூர்வ கீதமாகச் சுதந்திர தினத்தில் முதலில் ஒலித்ததும் அதே 1952இல்தான்.

5. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

6. 1986, 1988 சட்டங்கள் எஞ்சியவர்களில் பலருக்கு உரிமை தந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரசாவுரிமை வழங்கி நாடற்றோர் பிரச்சினையை முடித்துவைத்தது.

1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள். இதற்கிடையில் தோட்டப் பாடசாலைகள் அரச பொறுப்புக்கு வந்தன, காலைக் கூட்டத்தில் கீதம் பாடுவது வழக்கமாயிற்று. பிரசாவுரிமை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் நின்று ‘நமதுறு புகலிடம்’ என்று தமிழில்தான் பாடினார்கள். பாட்டின் மொழி அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. வீட்டில் தகப்பனின் பெட்டியில் ஒரு பத்திரம் இருந்ததா இல்லையா என்பதுதான் தடையாக இருந்தது. தமிழில் பாடும் உரிமையை மட்டும் வென்றால் ‘நம்’ என்பது நிறைந்துவிடும் என்று மலையகத்தில் யாரும் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

ஒப்பந்தப்படி தலைமன்னார் வழியாகக் கப்பலேறியவர்களில் கணிசமானோர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அண்ணன் கோத்தகிரியில், தம்பி ஹட்டனில் என்று பிரிந்த குடும்பங்களில் பிள்ளைகள் இரண்டு நாட்டுக் கீதங்களைப் பாடி வளர்ந்தார்கள். தமிழ்ப்பிள்ளை தன் தாய்மொழியில் தேசிய கீதம் பாடியது இலங்கையில்தான். இந்தியக் கீதம் வங்காள மொழி. வாக்குரிமையோ நீலகிரிப் பக்கம் முதலில் கிடைத்தது.

மலையகத்துக்கென்று இருந்த பாட்டுகள்

தேசிய கீதம் வருவதற்கு முன்பே தோட்டங்களில் உரிமையைப் பாடும் வழக்கம் இருந்தது. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவர் பேசுவதற்கு முன் மனைவி மீனாட்சியம்மை மேடையில் பாடுவார். சட்டத்தையும் சம்பளத்தையும் பற்றிய செய்திகளைப் பாட்டாக்கி, சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளில் வைத்ததால் எழுத்தறியாதவர்களும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்துகொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, திரும்பினார்கள். சி.வி. வேலுப்பிள்ளை பின்னாளில் தொகுத்த நாட்டார் பாடல்களில் கங்காணியும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும், கொழுந்துக் கூடையும் வருகின்றன.

தேசிய கீதத்தில் வயல் உண்டு, நதி உண்டு, மலையும் மலரும் சோலையும் உண்டு. அது எழுதப்பட்ட 1940இல் நாட்டின் வருமானத்துக்கு அச்சாணியாக இருந்த தேயிலை மட்டும் இல்லை.

பிள்ளைகள் தடுமாறும் அடிகள்

பாடசாலையில் கீதம் பயிற்றும் ஆசிரியருக்கு உள்ள முதல் சிக்கல் சொற்கள். நல்லதம்பி செய்யுள் நடையில் எழுதினார். சிங்கள மெட்டுக்குள் தமிழ் அசைகளை அடக்க வேண்டியிருந்ததால் சொற்கள் குறுகியும் புணர்ந்தும் நிற்கின்றன. பொருள் சொல்லிக் கொடுக்காமல் காதால் கேட்டே மனப்பாடம் செய்தால் தவறு தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொள்கிறது.

1. ‘அனைபயந்த’: அன்னை பெற்றெடுத்த என்பது பொருள். பிள்ளைகள் இதை அச்சம் என்று எடுத்துக்கொண்டு, ‘அனை’க்கும் ‘பயந்த’வுக்கும் நடுவே மூச்சு விடுகிறார்கள். ஒரே மூச்சில் பாட வேண்டும்.

2. ‘நகு மடி தனையோட்டே’: இங்கே மடி என்றால் சோம்பல். தாயின் பாட்டு என்பதால் தாய்மடி என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கொண்டால் தாய்மடியை ஓட்டிவிடச் சொல்வதாக அடி தலைகீழாகிவிடும்.

3. ‘நவை தவிர்’: நவை என்பது குற்றம். ‘நவ’ என்று பாடினால் புதுமை என்றாகிவிடும்.

4. ‘அடல் செறி’: அடல் என்றால் வலிமை. ‘ஆடல்’ என்று நீட்டுவது அடிக்கடி கேட்கும் பிழை.

கடைசி அடிகளில் ‘ஈழ சிரோமணி’ வருகிறது. ஈழம் என்பது தீவின் பழைய பெயர். போர்க்காலத்தில் அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதவே பிள்ளைகள் அஞ்சினார்கள். அப்போதும் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அது அப்படியே இருந்தது.

பாடும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. முதலடியை உயர்ந்த சுருதியில் எடுத்தால் நடுவில் மேலேறும் அடிகளில் சின்னப் பிள்ளைகளின் குரல் உடையும். எடுத்துக்கொடுப்பவர் சற்றுத் தாழ்வாகத் தொடங்குவது நல்லது. சிங்களமும் தமிழும் ஒரே மெட்டு என்பதால் இரு குழுக்களும் ஒரே நேரத்தில் பாட முடியும். ஆனால் இரண்டிலும் ஒரு சொல்லும் விளங்காது, ஒலிவாங்கி எந்தக் குழுவின் பக்கம் இருக்கிறதோ அந்த மொழியே கேட்கும். பண்டாரவளை, ஹட்டன் போன்ற கலப்பு நகரங்களில் விழா நடத்துவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. தொடக்கத்தில் ஒரு மொழி, நிறைவில் மற்ற மொழி என்று வைக்கலாம். அல்லது சொற்கள் இல்லாத வாத்திய இசையை மட்டும் ஒலிக்கவிட்டு, அவரவர் மொழியில் அவரவர் பாடலாம். எதுவானாலும் அழைப்பிதழ் நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டுவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் மேடையில் வைத்து முடிவெடுக்கும்போதுதான் ஒரு மொழி விடுபடுகிறது.

பதிவேட்டில் எந்த இனம்?

பிரசாவுரிமை முடிந்த கதை. பெயர் முடியவில்லை. ‘மலையகத் தமிழர்’ என்று மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டாலும், நீண்ட காலமாகப் பிறப்புப் பதிவிலும் குடிசன மதிப்பீட்டிலும் இருந்தது ‘இந்தியத் தமிழர்’. அந்தப் பெயரில் பதிந்தால் என்றைக்காவது அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்தார்கள். 1981இல் ‘இந்தியத் தமிழர்’ 5.5 சதவீதம், 2012இல் 8,39,504 பேர், 4.1 சதவீதம். இந்தக் குறைவில் இந்தியாவுக்குப் போனவர்களும் உண்டு, இங்கேயே இருந்துகொண்டு பதிவை மாற்றியவர்களும் உண்டு.

இதனால் வரும் நட்டம் கண்கூடானது. தொகுதி எல்லை வகுப்பு, பிரதேச செயலகங்களின் எண்ணிக்கை, தமிழ் தெரிந்த கிராம உத்தியோகத்தர் நியமனம், தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கான ஒதுக்கீடு ஆகியவற்றுக்கெல்லாம் இந்த எண்கள்தாம் ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் மொத்தமாகப் பெரும்பான்மை என்பதால் அங்கே பாதிப்பு உடனே தெரியாது. பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில், சிதறி வாழும் தோட்டத்து மக்கள் இரண்டு பெயர்களில் பிரிந்து பதியும்போது, எந்தப் பெயரிலும் கவனிக்கத்தக்க எண்ணிக்கை வராமல் போய்விடுகிறது.

பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது தாய் தந்தை இருவரின் பத்திரங்களிலும் இனமும் பெயரெழுத்தும் எப்படி இருக்கின்றன என்று முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனின் அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்தும் இருந்தால், பிள்ளையின் பதிவுக்கு முன்பே மாவட்டப் பதிவாளரிடம் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கும் 15, 16 வயதில்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்தப் பிழை தெரியவருகிறது. பரீட்சை விண்ணப்பத்தின் காலக்கெடுவுக்குள் அப்போது எந்தத் திருத்தமும் முடிவதில்லை.